ஏரிக்கரையில் ஒரு சிறுமி

கம்பம் பள்ளத்தாக்கில் டூரிங் கொட்டகைகள் இருந்த காலத்தில், பேய்ப்படம் என்றால் மணல் தரையில் அமர்ந்து தாயின் முந்தானைக்குள் முகம் புதைத்த சிறுவர் பலர். அவர்கள் அஞ்சியது வெள்ளைப் புடவைக்கும் கொலுசொலிக்குமே. மருத்துவரின் ஆய்வுக்கூடத்திலிருந்து அச்சம் புறப்பட்டு வந்த தமிழ்ப் படமொன்று 1989-இல் வெளியாயிற்று. வேலு பிரபாகரன் இயக்கிய 'நாளைய மனிதன்' அது. இறந்தோரை எழுப்பும் மருந்தைக் கண்டறியும் மருத்துவராக ஜெய்சங்கர் நடித்தார். அம்மருந்தால் எழுபவனோ கொலைவெறி கொண்டவனாக எழுகிறான்.

இக்கதையின் தாய்வேர் மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் ஆங்கில நாவல். 1931-இல் ஜேம்ஸ் வேல் அதைப் படமாக்கினார். பிணங்களின் உறுப்புகளைத் தைத்து, மின்னலின் ஆற்றலால் உயிரூட்டுகிறான் ஓர் இளம் விஞ்ஞானி. பிராங்கன்ஸ்டைன் என்பது அவன் பெயரே. போரிஸ் கார்லாஃப் நடித்த அந்தப் பரிதாபத்திற்குரிய உருவத்துக்குப் பெயரே இல்லை; பெற்றவன் இடவில்லை!

அப்படத்தின் ஒரு காட்சியை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். ஏரிக்கரையில் ஒரு சிறுமி அவ்வுருவத்தைக் கண்டு அஞ்சாமல் கைப்பிடித்து அழைத்து, பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் அவற்றை நீரில் எறிகின்றனர், பூக்கள் மிதக்கின்றன. பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்றெண்ணி அவளைத் தூக்கி நீரில் போடுகிறான். அவள் மூழ்குகிறாள். அவன் பதறுகிறான்.

கொடுமை எனக் கருதி இக்காட்சியின் முடிவை வெட்டினர். விளைவு என்ன? அவன் கை சிறுமியை நோக்கி நீளுகிறது. பின்னர் தந்தை அவளது உடலைச் சுமந்து வருகிறார். இடையில் நிகழ்ந்ததை மக்கள் இன்னும் கொடிதாகக் கற்பனை செய்துகொண்டனர். அறியாமையால் நேர்ந்த பிழை, கொடூரமாகத் தோன்றிற்று. 1980-களில்தான் அப்பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது.

நீரில் போட்டால் உயிர் போகும் என்று அவனுக்குச் சொல்லித் தந்தவர் யார்? உயிரூட்டியவன் அவனை விலங்கிட்டு அடைத்தான். பின்னர் தன் திருமண ஏற்பாட்டில் மூழ்கிவிட்டான்.

இது வெறுங்கதையன்று. நாசி முகாம்களில் கைதிகள்மீது மருத்துவர்கள் நடத்திய சோதனைகளுக்குப் பின், 1947-இல் நூரெம்பர்க் நெறிமுறை எழுந்தது. சோதனைக்கு உட்படுபவரின் மனமுவந்த சம்மதமே அதன் முதல் விதி. தேனி க.விலக்கு அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு முன் நம்மிடம் கையொப்பம் கேட்பதும் சம்மதம் என்னும் அந்த அடிப்படையிலேதான். வாசியாமல் ஒப்பமிடுவோர் நம்மில் எத்தனை பேர்!

பிள்ளைகள் இப்படத்தைக் கேட்டால், ஏரிக் காட்சி முழுமையாக உள்ள பிரதியைத் தேடி, பெற்றோரும் உடனமர்ந்து காணுங்கள்.