ஸ்கூபா டைவிங் போறீங்களா? கடலுக்கு அடியில் உங்க 'பட்டி' யாருன்னு முதல்ல முடிவு பண்ணுங்க!

தீபாவளி போனஸ் வந்தாச்சு. பனியன் கம்பெனிக்கு லீவும் விட்டாச்சு. "இந்த தடவை ஊட்டி, கொடைக்கானல் வேண்டாம்டா, புதுச்சேரி போய் ஸ்கூபா டைவிங் பண்ணலாம்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் ஆரம்பிப்பார். அடுத்த 10 நிமிடத்தில் வேன் புக் ஆகிவிடும்.

கடலே இல்லாத திருப்பூரில் இருந்து கடலுக்கு அடியில் போக ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால், எந்த ஊர், எவ்வளவு செலவு, வீடியோ எடுத்துத் தருவார்களா என்று கேட்கும் நாம், ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. தண்ணிக்குள் நம்ம கூட வரப்போவது யார்?

யார் இந்த 'பட்டி'?

கொங்கு நாட்டில் பட்டி என்றால் ஆட்டுப்பட்டிதான் ஞாபகம் வரும். ஸ்கூபாவில் 'பட்டி' என்றால் ஜோடி. பொழுதுபோக்கு டைவிங்கில் இரண்டு இரண்டு பேராக இறங்கி, பக்கத்திலேயே இருந்து, சேர்ந்தே மேலே வருவதுதான் அடிப்படை விதி.

நீங்கள் மூச்சுவிடும் கருவியில் கூடுதலாக இன்னொரு வாய்க்குழாய் தொங்கும். பலரும் அதை நமக்கான ஸ்பேர் என்று நினைப்பார்கள். உண்மையில் அது உங்கள் ஜோடிக்கானது. அவருக்குக் காற்று தீர்ந்தால் உங்கள் சிலிண்டரில் இருந்து மூச்சுவிடுவார். உங்களுக்குத் தீர்ந்தால் அவருடைய சிலிண்டரில் இருந்து நீங்கள். அதாவது, உங்கள் அவசரகால காற்று இன்னொருவர் முதுகில் இருக்கிறது!

நம்ம தூத்துக்குடியில் அப்பவே இருந்தது

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புது வழக்கம் இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் தனியாக இறங்கவில்லை. காலில் கல்லுடன் ஒருவர் கீழே போவார். படகில் ஒருவர் கயிறைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிறைச் சுண்டினால் உடனே மேலே இழுக்க வேண்டும். சிலிண்டர் கிடையாது, ஒரே மூச்சுதான். இழுப்பவர் கொஞ்சம் கவனம் சிதறினாலும் உயிர் போய்விடும்.

அதனால்தான், கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று ஒரு பேச்சு வழிவழியாக உண்டு. தன் அக்கா, தங்கச்சி தாலி சம்பந்தப்பட்ட விஷயம், அசட்டையாக இருக்க மாட்டான் என்ற கணக்கு. தூத்துக்குடியில் பெரிய அளவிலான கடைசி முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தன. கயிறு போய் சிலிண்டர் வந்துவிட்டது. ஆளைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டிய அவசியம் மட்டும் மாறவில்லை.

எனக்குத்தான் கிணத்துல நீச்சல் தெரியுமே?

நல்லதுதான். ஆனால் கிணற்று நீச்சலில் நாம் பழகியது மூச்சை அடக்குவது. ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல 2 மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது 2 மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியும் ஆபத்து உண்டு.

இன்னொரு கணக்கு. 10 மீட்டரில் காற்றும் 2 மடங்கு வேகமாகச் செலவாகும். 18 மீட்டரில் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் இன்னும் சீக்கிரம் தீரும். புதியவர்களுக்குப் பதற்றம் வருவது சகஜம். அந்த நேரத்தில் ஜோடி 2 மீட்டரில் இருக்கிறாரா, 20 மீட்டரில் இருக்கிறாரா என்பதுதான் விஷயம்.

முதல் தடவை போனால் ஃப்ரெண்ட்தான் ஜோடியா?

இல்லை. இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

சுற்றுலா போகும் இடத்தில் ஒரே நாளில் செய்வது 'டிஸ்கவர்' வகை அனுபவ டைவ். சான்றிதழ் தேவையில்லை. அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். இதில் உங்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பு பயிற்சியாளர்தான். கூட வந்த நண்பரும் உங்களை மாதிரியே புதுசு, அவரால் உங்களைக் காப்பாற்ற முடியாது. எனவே "ஒரு பயிற்சியாளர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போவார்? கடைசி வரை என் பக்கத்திலேயே இருப்பாரா?" என்று அட்வான்ஸ் கட்டும் முன்பே கேளுங்கள்.

அடுத்த கட்டம் 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ். பி.ஏ.டி.ஐ. போன்ற சர்வதேச அமைப்புகளின் இந்தப் பயிற்சியில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். முடித்தால் 18 மீட்டர் வரை இன்னொரு டைவருடன் இறங்கலாம். ஜோடியை நீங்களே தேட வேண்டிய கட்டம் இதுதான்.

எங்கே தேடுவது?

முதல் இடம், உங்களோடு படித்த பேட்ச். ஒரே சைகைகளை, ஒரே முறையைக் கற்றவர்கள். அவர்கள் பதற்றத்தில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதையும் நீச்சல் குளத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது, டைவ் சென்டர். "நான் புதுசு, பொறுமையா வர்ற ஒருத்தர் கூட ஜோடி போடுங்க" என்று சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். புதுச்சேரி, அந்தமான் என எங்கே போனாலும் தனியாக வருபவர்களை இப்படித்தான் சேர்த்துவிடுவார்கள். ஆனால் படகில் அறிமுகமாகி, ஐந்தே நிமிடத்தில் குதிப்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சாம்பிள் பார்க்காம பல்க் போடுவோமா?

திருப்பூர்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பிள் ஓகே ஆகாமல் கட்டிங் டேபிளில் துணி ஏறாது. ஜோடிக்கும் அதே முறைதான். முதலில் இந்தக் கேள்விகள்:

1. கடைசியா எப்போ டைவ் பண்ணீங்க? மொத்தம் 50 டைவ் என்பதைவிட, கடைசி டைவ் போன மாதமா, மூன்று வருடத்துக்கு முன்பா என்பது முக்கியம். லாக் புக்கைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

2. எதுக்காக இறங்குறீங்க? ஒருவர் கேமராவோடு ஒரே பாறையில் நிற்பார். இன்னொருவர் சுற்றிக்கொண்டே இருப்பார். இருவரும் நல்லவர்கள்தான், ஆனால் ஜோடி சேராது.

3. எப்போ திரும்பணும்? காற்று எவ்வளவு இருக்கும்போது திரும்புவது, எவ்வளவு மிச்சத்தோடு மேலே வருவது என்று பேசுங்கள். 50 பார் காற்றாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். யாருக்கு முதலில் குறைகிறதோ, அவர் கணக்குப்படிதான் இருவரும் திரும்ப வேண்டும்.

4. பிரிஞ்சுட்டா என்ன பண்றது? ஒரு நிமிடத்துக்கு மேல் தேடாமல் இருவரும் மெதுவாக மேலே வந்து சந்திப்பது என்பதுதான் கற்றுத்தரப்படும் முறை. இதற்குப் பதில் தெரியாதவரை விட்டுவிடுங்கள்.

5. உடம்பு எப்படி இருக்கு? ஆஸ்துமா, இதயப் பிரச்சனை, காது அடைப்பு, சளி எதையும் மறைக்கக் கூடாது. புதுச்சேரி டூர் என்றால் இன்னொன்றும் உண்டு. ராத்திரி முழுக்க சரக்கு அடித்துவிட்டு காலையில் டைவுக்கு வருபவர், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் ரிஜெக்ட்தான்.

அடுத்து சாம்பிள் டைவ். முதல் டைவை ஆழம் குறைவான இடத்தில் வையுங்கள். இறங்கும் முன் அவர் உங்கள் மிதவை ஜாக்கெட், எடை, பக்கிள்கள், காற்று, மாஸ்க் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செக் செய்கிறாரா பாருங்கள். "அதெல்லாம் சரியாதான் இருக்கும், வா" என்பவர் சாம்பிளிலேயே ஃபெயில். சைகையும் பேசிவிடுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் நமக்கு 'சூப்பர்'. தண்ணிக்குள் அதற்கு அர்த்தம் 'மேலே போகலாம்'!

புருஷனே ஜோடியா வந்தும்...

நெருக்கமான உறவு மட்டும் போதாது என்பதற்கு ஒரு வழக்கு உதாரணம். 2003 அக்டோபரில் அமெரிக்காவைச் சேர்ந்த புதுமணத் தம்பதி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலில் மூழ்கிக் கிடக்கும் யோங்காலா கப்பலைப் பார்க்க இறங்கினார்கள். மனைவி அனுபவம் குறைந்தவர். கணவர் மீட்புப் பயிற்சி பெற்றவர். கீழே மனைவி தவித்தபோது அவரை விட்டுவிட்டு கணவர் மேலே வந்தார். மனைவி உயிரிழந்தார்.

2009-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில், டைவ் ஜோடியாகத் தன் கடமையைச் செய்யத் தவறியதன் அடிப்படையில், கொலையாகாத மரணத்தை விளைவித்த குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் தொடரப்பட்ட கொலை வழக்கை, ஆதாரம் போதாது என்று 2012-ல் நீதிபதி தள்ளுபடி செய்தார். ஆக, கையில் இருக்கும் சான்றிதழும் கழுத்தில் கட்டிய தாலியும் மட்டும் ஒருவரை நல்ல ஜோடி ஆக்கிவிடாது.

முதலாளி கூட ஜோடி போடலாமா?

கம்பெனி டூரில் கட்டாயம் யோசிக்க வேண்டிய கேள்வி. டைவிங்கில் ஒரு விதி உண்டு. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே டைவை நிறுத்தலாம். ஏன் என்று யாரும் கோபப்படக் கூடாது.

இப்போது யோசியுங்கள். "சார், எனக்கு ஒரு மாதிரி இருக்கு, மேலே போகலாம்" என்று சூப்பர்வைசரால் முதலாளியிடம் சைகை காட்ட முடியுமா? மச்சான் கிண்டல் பண்ணுவான் என்று பயந்து, காற்று குறைந்ததை மறைப்பீர்களா? தயக்கம் வரும் என்றால் அந்த ஜோடி வேண்டாம். தரையில் சொல்ல முடியாததைத் தண்ணிக்குள் நிச்சயம் சொல்ல மாட்டோம்.

ஒத்துவரவில்லை என்று தோன்றினால், படகு கிளம்பும் முன்பே டைவ் சென்டரிடம் "ஆளை மாத்திக் கொடுங்க" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் கூச்சமாக இருக்கும். வேனில் ஊர் திரும்பும்போது அதையே சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.