யார் கண்ணில் படலாம் அந்த ரகசியம்?

1985 ஆகஸ்டில், அமெரிக்காவின் டெலாவேர் மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்தில் நீதிபதி மரே ஷ்வார்ட்ஸ் ஓர் உத்தரவு போட்டார்: கோகோ கோலாவின் முழுச் செய்முறையையும் எதிர்த்தரப்பிடம் காட்ட வேண்டும். வழக்குத் தொடுத்தவர்கள், அந்தக் கம்பெனியிடமே சிரப் வாங்கிப் புட்டியில் அடைத்து விற்பவர்கள். சிரப்பின் விலையைக் கட்டுப்படுத்தும் அவர்களுடைய ஒப்பந்தங்களின் வேர் 1920-களுக்குப் போகிறது. 1982-இல் டயட் கோக் வந்ததும், இது வேறு சரக்கு, பழைய விலைக் கட்டுப்பாடு இதற்குப் பொருந்தாது என்றது கம்பெனி. இனிப்பை மட்டும் மாற்றிய அதே பானம்தான் என்றனர் இவர்கள். அதை நிரூபிக்க வேண்டுமானால் இரண்டு செய்முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். ‘மெர்ச்சண்டைஸ் 7எக்ஸ்’ என்ற ரகசியச் சேர்மானமும் அதில் அடக்கம்.

கம்பெனி தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் சுவாரசியமானது. செய்முறையின் எழுத்துப் பிரதி அப்போது அட்லாண்டாவில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருந்தது. இயக்குநர் குழு தீர்மானம் போட்டால்தான் பெட்டகம் திறக்கும் என்றது கம்பெனி. ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குத்தான் செய்முறை தெரிந்திருக்கலாம். அந்த இருவரும் ஒரே விமானத்தில் பறக்கக் கூடாது. இதோடு இந்தியாவும் சாட்சிக்கு வந்தது. 1977-இல், ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில்துறை அமைச்சராக இருந்த ஜனதா ஆட்சிக் காலத்தில், ரகசியத்தைத் தருவதா, சந்தையை விடுவதா என்ற நிலை வந்தபோது நாங்கள் சந்தையையே விட்டுவிட்டோம் என்றது கம்பெனி. (1993-இல் திரும்பி வந்தது வேறு கதை.) ரகசியத்தின் மதிப்பைக் காட்ட இதைவிட வலுவான சான்று கிடைப்பது கடினம். நீதிபதியும் அதை மறுக்கவில்லை. இது வணிக ரகசியம்தான், வெளியே போனால் கேடுதான் என்று ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட பிறகும் காட்டச் சொன்னார்.

அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டம் தருகிற முழுக் காப்பு வணிக ரகசியத்துக்குக் கிடையாது. விசாரணைக்கு முந்தைய ஆவண வெளிப்படுத்தலில், ரகசியம் என்று சொல்பவர் அதையும் அதனால் வரும் பாதிப்பையும் காட்ட வேண்டும். கேட்பவர் அது தம் வழக்குக்கு அவசியம் என்று காட்ட வேண்டும். இருவரும் காட்டிவிட்டால், யாரிடம், எப்படிக் காட்டுவது என்பதுதான் மிச்சக் கேள்வி. கோகோ கோலாவை இந்த முனையில் நிறுத்தியது அதன் சொந்த வாதமே. இரண்டும் வேறு வேறு சரக்கு என்று கோர்ட்டில் சொல்பவர், வித்தியாசத்தைச் சரிபார்க்க விடமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல அனுமதித்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பெட்டகச் சாவி வைத்திருப்பவர் சொல்வதே தீர்ப்பாகிவிடும். கம்பெனி கடைசிவரை காட்டவில்லை. அடுத்த ஆண்டு, அதற்கான தண்டனையைக் கேட்டு மனு வந்தது. கம்பெனி தோற்றதாகவே அறிவித்துவிடும் கடைசி ஆயுதத்தை நீதிபதி எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் வலுவானது. காகிதத்தைத் திருப்பி வாங்கலாம், பார்த்தவர் மனதிலிருந்து அதை எப்படி அழிப்பது? ஷ்வார்ட்ஸ் செய்முறையைப் புட்டி நிறுவனங்களின் கைக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. அவர்களுடைய வழக்கை நடத்தும் வக்கீல்களும் வெளி நிபுணர்களும் மட்டும் பார்க்கலாம் என்று வரம்பு கட்டினார். இந்த ஏற்பாட்டின் தர்க்கத்தை 1984-இல் யு.எஸ். ஸ்டீல் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. கம்பெனியில் சம்பளம் வாங்கும் வக்கீல் என்பதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்கக் கூடாது. விலை வைப்பது, சரக்கை வடிவமைப்பது போன்ற போட்டி முடிவுகளில் அவருக்குக் கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆளின் நேர்மையை எடைபோடும் வேலையே இல்லை. எத்தனை யோக்கியரானாலும், திங்கட்கிழமை எதிராளியின் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை தன் கம்பெனிக்கு விலை நிர்ணயிக்க உட்காரும்போது அதை மறந்துவிட முடியாது. அவரை அந்த நிலையில் வைக்காமலிருப்பதே காப்பு.

வக்கீல் ஆபீசிலிருந்தே கசிந்தால்? கசிந்திருக்கிறது. ஆப்பிள் - சாம்சங் வழக்கில், ஆப்பிள் நோக்கியாவோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்த விவரங்கள் ஒரு நிபுணரின் அறிக்கையில் இருந்தன. மறைக்க வேண்டிய வரிகளையெல்லாம் மறைக்காமலேயே, சாம்சங்கின் வெளி வக்கீல்கள் 2012-இல் அந்த அறிக்கையைச் சாம்சங் ஊழியர்கள் திறக்கக்கூடிய இடத்தில் ஏற்றிவிட்டார்கள். 2014-இல் நீதிபதி பால் கிரூவல், அந்த வக்கீல் நிறுவனமே ஆப்பிளுக்கும் நோக்கியாவுக்கும் ஆன செலவைக் கட்ட வேண்டும் என்றார். தொகை 20 லட்சம் டாலருக்கு மேல். இதைக் காட்டி முறையே ஓட்டை என்பவர்கள் உண்டு. எனக்கு இதில் தெரிவது ஒரே ஒரு வேலையின் அலட்சியம்: கறுப்பு மை பூசும் வேலை. ஆப்பிளைப் போன்ற பெரிய கம்பெனிக்கு அந்தத் தொகை அற்பம், கசிந்ததற்கு அது ஈடாகாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபம் இந்தியாவில்தான் கூர்மையாக எழுந்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2018 விதிகள் ‘ரகசியக் குழு’ என்ற ஏற்பாட்டுக்கு ஒரு மாதிரியைத் தருகின்றன: ஒரு தரப்புக்கு மூன்று வக்கீல்கள், இரண்டு வெளி நிபுணர்களுக்கு மிகாமல்; உள் வக்கீல்கள் கூடாது; சீலிட்ட உறை பதிவாளரின் பொறுப்பில் இருக்கும்; பார்த்து முடித்ததும் மறுபடி சீல். இன்டர்டிஜிட்டல் நிறுவனம், ஷாவோமிக்கு எதிரான காப்புரிமை வழக்கில், தன் உரிம ஒப்பந்தங்களை ஷாவோமியின் ஆட்கள் பார்க்கக் கூடாது, வெளி வக்கீலும் நிபுணரும் பார்த்தால் போதும் என்று கேட்டது. 2020 டிசம்பரில் நீதிபதி சி. ஹரி சங்கர் மறுத்துவிட்டார். கட்சிக்காரர் சொல்லித்தான் வக்கீல் வாதாடுகிறார். எதை எதிர்த்து வாதாடுகிறோம் என்றே தெரியாத கட்சிக்காரர் என்ன சொல்லித் தருவார்?

இந்தத் தீர்ப்பும் டெலாவேர் உத்தரவும் மோதுவதாகத் தோன்றும். ஆவணத்தை யார் கொண்டுவந்தார் என்று கேட்டால் மோதல் கரைந்துவிடுகிறது. கோகோ கோலா தன் செய்முறையை யார் மீதும் வீசவில்லை. எதிராளி கேட்டதால் அது வெளியே வருகிறது. அங்கே கேட்டவரின் வக்கீல் பார்த்தால் போதும். இன்டர்டிஜிட்டலோ, நாங்கள் கேட்கும் உரிமக் கட்டணம் நியாயமானது என்று காட்டத் தன் ஒப்பந்தங்களைத் தானே எடுத்து வந்தது. தானே நீட்டிய ஆதாரத்தை, அடி வாங்கப்போகிறவன் கண்ணிலிருந்து மறைக்கக் கேட்பது அளவு மீறிய சலுகை. மறைக்க வேண்டுமானால் அந்த ஒப்பந்தங்களை நம்பாமல் வழக்கை நடத்தியிருக்கலாம்.

வணிக ரகசியத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று இந்திய சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-வது அறிக்கையில் சொல்லி, வரைவு மசோதா ஒன்றையும் இணைத்தது. ரகசியத்தைத் திருடியதாகவே தொடுக்கப்படும் வழக்கில், எது திருட்டுப் போனது என்று வாதி எவ்வளவு திறந்து சொல்ல வேண்டும் என்ற கேள்வி இன்னும் சிக்கலானது. கலிஃபோர்னியா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வேமோ - ஊபர் வழக்கோடு அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.