பேரரசிக்குக் காதலி இருக்கலாம், அவள் காது கூராக இருக்கக் கூடாது

டிராகன் ஏஜ் விளையாட்டை யார் புதிதாகத் தொடங்கினாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் தடவை எல்ஃப் பெண்ணாக விளையாடுங்கள். கூர்க்காது கொண்ட அந்த இனத்துக்குத் தீடாஸ் என்ற கற்பனை உலகில் என்ன மரியாதை என்பது ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட முதல் பாகத்தில், டெனரிம் நகரத்து எல்ஃபின் கதை அவள் கல்யாண நாளில் தொடங்குகிறது. ஊருக்குள்ளேயே மதில் எழுப்பி ஒதுக்கிய குடியிருப்பு. அங்கே, மணமேடைக்கே வந்து, பிரபுவின் மகன் பெண்களைத் தூக்கிக்கொண்டு போகிறான். கேட்பார் இல்லை.

இந்த விளையாட்டில் சண்டைக்குச் சமமாகப் பேச்சும் உண்டு. கூட வருகிறவர்களிடம் என்ன பேசுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். பழக்கம் முற்றினால் காதலும் வரும். என் எல்ஃப் பெண் லெலியானா என்ற பெண்ணைக் காதலித்தபோது முகாமில் ஒருவரும் புருவம் உயர்த்தவில்லை. அதே எல்ஃப், கூட வரும் அலிஸ்டர் என்பவனைக் காதலித்த ஆட்டத்தில் நிலைமை வேறு. அவன் அரசனானதும் காதல் முறிகிறது. ஆட்டத்தின் போக்கில் அவன் மனம் இறுகியிருந்தால் ஆசைநாயகியாக வைத்துக்கொள்வான், அவ்வளவுதான். மனித பிரபு குலத்துப் பெண்ணாக விளையாடினால் ராணியாகவே ஆகலாம். இதில் ஒரு வேடிக்கை: அலிஸ்டரைப் பெற்றவள் ஃபியோனா என்ற எல்ஃப் என்பது இதே உலகில் நடக்கும் ‘தி காலிங்’ நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்த உலகில் எல்ஃபுக்கும் மனிதருக்கும் பிறக்கும் பிள்ளை மனித உருவில்தான் பிறக்கும். கூர்க்காது ஒரே தலைமுறையில் போய்விடும். அதனால் எல்ஃப்களுக்கும் கலப்பு பிடிக்காது. காட்டில் அலையும் டேலிஷ் கூட்டத்தார், அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் தங்களில் ஒருவர் குறைந்ததாகவே நினைப்பார்கள். நாடு பிடுங்கப்பட்ட எல்ஃப்களின் அந்தப் பயத்தையும் பிடுங்கிய மனிதர்களின் அருவருப்பையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒர்லே நாட்டுப் பேரரசி செலீனின் கதை இதைவிடக் கொடுமை. அவள் காதலி பிரியாலா, சிறு வயதிலிருந்து கூடவே இருந்த எல்ஃப் பணிப்பெண். பெண்ணைப் பெண் காதலிப்பது அந்த அரசவைக்குப் பெரிய விஷயமில்லை. எல்ஃப் என்பதுதான் விஷயம். பேரரசி எல்ஃப்களுக்கு இளகியவள் என்று எதிரிகள் கிளப்பிவிட, அது பொய்யென்று காட்ட ஹலம்ஷிரால் நகரத்து எல்ஃப் கலகத்தைத் தீ வைத்து அடக்குகிறாள். காதலித்தவளின் ஜனங்களை! அவளை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை.

ஆணை ஆண் விரும்புவது சிக்கலாகும் இடமும் உண்டு: மந்திரவாதிகள் ஆளும் டெவின்டர். 2014-இல் வந்த ‘இன்குவிசிஷன்’ பாகத்தின் டோரியன் அந்த ஊர்க்காரன். ரகசியமாக எப்படியும் இருந்துகொள், ஆனால் நாங்கள் பார்த்த பெண்ணைக் கட்டி வாரிசைக் கொடு என்பதுதான் அங்கே நடைமுறை. தலைமுறை தலைமுறையாகப் பொருத்தம் பார்த்துச் சேர்த்த மந்திர ரத்தம் வீணாகக் கூடாதாம். மாட்டேன் என்ற மகனை ரத்த மந்திரத்தால் மாற்றப் பார்க்கிறார் அப்பா. மகன் வீட்டைவிட்டு ஓடுகிறான். இங்கேயும் அடியில் கிடப்பது வம்சக் கணக்குதான். நம் ஊர் வாசகருக்கு இதற்குப் பொழிப்புரை தேவைப்படாது.

அதே பாகத்தில், ஹலம்ஷிரால் அரண்மனை விருந்தில் நம்மைப் பற்றி அரசவை என்ன நினைக்கிறது என்பதற்கு மதிப்பெண் ஓடிக்கொண்டே இருக்கும். மனிதராக நுழைந்தால் கூடுதல் மதிப்பெண்ணுடன் தொடங்கலாம். எல்ஃப் என்றால் வாசலிலேயே குறைவு. செரா என்ற எல்ஃப் பெண் உங்கள் காதலி என்பதற்காக ஒரு மதிப்பெண்கூடக் குறையாது. அரசவை பார்ப்பது உங்கள் காதைத்தான்.