உங்களுக்குத் தெரியுமா? எண் மாறாமலே நிறுவனம் மாறலாம்

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கைப்பேசி எண் பெயர்வு முறை, அதாவது பயனர் தம் எண்ணைக் கைவிடாமலேயே ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஏற்பாடு, 012 என்றால் மெக்சிஸ், 016 என்றால் டிஜி, 019 என்றால் செல்கோம் என முன்னெண்ணைக் கொண்டே நிறுவனத்தை அறிந்துகொண்ட வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையின் பெயர்ப்பலகையிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா துணிக்கடையின் பைகளிலும் அச்சிடப்பட்டு, வாடிக்கையாளர் மனத்தில் பதிந்துவிட்ட எண்ணை இழக்க வேண்டியதில்லை என்பதால், இவ்வுரிமை சிறு வணிகருக்கே பெரிதும் கைகொடுக்கிறது. விண்ணப்பத்தைப் புதிய நிறுவனத்திடமே அளிக்க வேண்டும். பழைய இணைப்பை முன்கூட்டியே துண்டித்துவிட்டால் பெயர்ப்பதற்கு எண்ணே இல்லாமற்போகும் என்பதை அவசரத்தில் மறந்துவிடக் கூடாது. பழைய நிறுவனத்தின் பதிவிலுள்ள மைகாட் எண், அதாவது தேசிய அடையாள அட்டை எண், விண்ணப்பதாரருடையதோடு பொருந்தாவிடில் கோரிக்கை தள்ளப்படும் என்பதால், தந்தையின் பெயரில் வாங்கிய சிம் அட்டையை மகன் பயன்படுத்திவரும் குடும்பங்கள் முதலில் உரிமையாளர் பெயரை மாற்றிக்கொள்வதே நல்லது. முன்கட்டண இணைப்பில் எஞ்சியுள்ள தொகை எண்ணுடன் சேர்ந்து வராது.