வார்டில் பேச்சு வறளும்போது

தியோமான் தீவுக்குப் படகேற வருகிறவர்களுக்கு மலேசியாவின் மெர்சிங் ஒரு படகுத்துறை. இங்குள்ள மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கோ, பெரிய மருத்துவமனைகள் தொலைவில் உள்ள ஊர். நிலைமை மோசமான நோயாளியைக் குளுவாங்குக்கோ, ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஜொகூர் பாருவுக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். அதைக் குடும்பத்தாரிடம் பக்குவமாகச் சொல்வதும் வேலைதான். ஆனால் அதை யாரும் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பாரம் சேர்ந்துகொண்டே போகிறது.

களைப்பா, பணிச்சோர்வா?

தூங்கி எழுந்தால் களைப்பு தீரும், பணிச்சோர்வு தீராது. வேலையிடத்து அழுத்தம் நெடுநாள் தணிக்கப்படாமல் கிடப்பதன் விளைவு இது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியது. இதை நோய் என்று அது சொல்லவில்லை. உடலும் மனமும் வற்றிப்போகும். வேலையில் ஒட்டுதல் அறுந்து வெறுப்பு வரும். 'நான் எதையும் சரியாகச் செய்வதில்லை' என்ற எண்ணம் அரிக்கும். இவற்றில் ஒட்டுதல் அறுவதை நோயாளி உடனே உணர்ந்துவிடுவார். நேற்றுவரை "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட மிஸ்ஸி (தாதி), இன்று "நாலாம் நம்பர் கட்டில்" என்கிறார்.

இரண்டு நிமிடப் பேச்சு

"எங்கப்பாவை ஏன் இங்கேயே பார்க்க மாட்டேங்கிறீங்க?" என்று, நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்போவதை அறிந்த மகன் குரல் உயர்த்துகிறார். "இங்க வசதி இல்லை" என்று முடித்துக்கொண்டால் சண்டைதான். "அண்ணே, உட்காருங்க. அப்பாவுக்கு என்னன்னு இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?" என்று தொடங்கினால் பேச்சு வேறு திசையில் போகும். அவருக்குத் தெரிந்ததை முதலில் கேட்பது, பிறகு செய்தியைச் சிறிது சிறிதாகச் சொல்வது, அழுதால் அழவிடுவது: புற்றுநோயாளிகளிடம் துயரச் செய்தியைச் சொல்வதற்காக 2000இல் வெளியான 'ஸ்பைக்ஸ்' முறையின் சாரம் இதுதான். இது பிறவிக் குணமல்ல, பழகிக் கற்பது. சண்டையில் முடியாத ஒவ்வொரு பேச்சும் பணியாளரின் மனப்பாரத்தையும் குறைக்கிறது.

பயிற்சி மட்டும் போதாது

ஆள் பற்றாத வார்டில் இனிமையாகப் பேசச் சொல்வது அநியாயம். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் ஹர்த்தால் செய்தது நிரந்தரப் பணிக்காகவும் சம உரிமைக்காகவும். வேலைப் பாதுகாப்பும் ஓய்வும் இல்லாதவரிடம் பொறுமையை மட்டும் கேட்க முடியாது. பேசுவதற்கான நேரத்தை நிர்வாகம்தான் தர வேண்டும்.

சுகாதாரப் பணியாளர்களே, தூக்கம் கெட்டு, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு கனத்தால் சக ஊழியரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. குடும்பத்தாரே, உங்களில் ஒருவர் மட்டும் மருத்துவரிடம் விவரம் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.