தண்ணீரும் அளவோடு

வெயிற் காலத்தில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது நல்ல ஆலோசனையே. ஆனால், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி தண்ணீருக்கும் பொருந்தும் என்பதைப் பலர் அறியார்.

உடலில் நடப்பது என்ன?

எமது குருதியில் ஒரு லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருத்தல் வேண்டும். இது உப்பிலிருந்து கிடைப்பது. நல்ல நிலையிலுள்ள சிறுநீரகங்கள் மணித்தியாலத்திற்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரையே வெளியேற்றும். அதற்கு மேல் குடித்தால் குருதியிலுள்ள உப்பு ஐதாகி, நீர் உடற் கலங்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மண்டையோட்டுக்குள் அடைபட்டிருக்கும் மூளைக்கோ வீங்க இடமில்லை. தலையிடி, சத்தி, தடுமாற்றம், வலிப்பு, இறுதியில் மரணமும் நேரலாம்.

2002 இல் அமெரிக்காவின் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் 28 வயதுப் பெண்ணொருவர் இவ்வாறு இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் குருதியைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது.

வயலிலும் வீட்டிலும்

நாள் முழுவதும் வெயிலில் வேலை செய்பவர் வியர்வையோடு உப்பையும் இழக்கிறார். அவர் வெறுந் தண்ணீரையே குடங்குடமாகக் குடித்தால் இந்நிலை ஏற்படலாம். தலையிடியும் சத்தியும் வெயிலின் களைப்பிலும் வருவதால், அருகிலிருப்போர் மேலும் தண்ணீர் பருக்குவர். உதவியே ஆபத்தாகிவிடும்.

கைக்குழந்தைகள் விடயத்தில் இன்னும் கவனம் தேவை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. பால்மா கொடுக்க நேர்ந்தால், பேணி பல நாள் வரட்டும் என்று நீரைக் கூட்டிக் கரைக்கக் கூடாது. அதனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

நாம் செய்ய வேண்டியவை

* தாகத்திற்கேற்பச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதிய நீர் கிடைக்கிறது எனலாம். இதை வாசித்துவிட்டுத் தாகத்தை அடக்கவும் வேண்டாம்.
* கடும் வேலை நாட்களில் உப்பிட்ட கஞ்சியோ மோரோ உணவோடு சேரட்டும்.
* வயிற்றோட்டத்திற்கு வெறுந் தண்ணீர் போதாது. ஜீவனிப் பொதியைக் குறிப்பிட்ட அளவு நீரில் மட்டும் கரைத்துக் கொடுங்கள்.
* சிறுநீரக, இருதய நோயாளர் வைத்தியர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.
* நிறையத் தண்ணீர் குடித்தவர் தடுமாறிப் பேசினாலோ வலிப்பு வந்தாலோ மேலும் நீர் பருக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எவ்வளவு குடித்தார் என்பதையும் அங்கு சொல்லுங்கள்.