சொல்லும் அதன் துணையும்

ஒரு மொழியின் சொற்களை அறிவது வேறு. அவை எச்சொற்களோடு கூடி வழங்குகின்றன என்பதை அறிவது வேறு. ஆங்கிலம் கற்கும் நம் மாணவர் பலர் முன்னதில் தேர்ந்து பின்னதில் தடுமாறுகின்றனர். இதற்கான காரணங்களில் ஒன்றை நமது மலைநாட்டுத் தோட்டப் பேச்சிலேயே காணலாம்.

காலையில் வேலைக்கு ஆள் திரளும் இடத்தைத் தோட்ட மக்கள் 'பிரட்டுக்களம்' என்பர். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லே 'பிரட்டு' ஆயிற்று. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' 'லயம்' ஆயிற்று. நாட்கூலிப் பதிவேடு 'செக்ரோல்' என்றே நின்றது. இவ்வாறு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆங்கிலம் தனித்தனிச் சொற்களாகவே நம் வாயில் ஏறிற்று.

துரைமாரோ நம் மொழியை வேறு வழியிற் கற்றனர். 19ஆம் நூற்றாண்டில் ஏ. எம். பெர்குசன் சின்னத்துரைமாருக்கென வெளியிட்ட தமிழ்க் கையேட்டின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். பெயரே ஒரு முழு வாக்கியம். அதுவும் ஏவல் வாக்கியம்! அந்த ஏவல் நமக்கு வேண்டாம். வாக்கியமாகக் கற்கும் அந்த முறையே வேண்டும்.

சாயம் கூடிய தேநீரை ஆங்கிலேயர் 'ஸ்ட்ரோங் டீ' என்பர். 'பவர்ஃபுல்' என்பதும் வலிமையையே குறிக்கும். எனினும் 'பவர்ஃபுல் டீ' என்பது வழக்கன்று. மொழியியலறிஞர் ஹாலிடே 1966இல் எடுத்துக்காட்டிய உதாரணம் இது. இலக்கணம் இதனை விலக்கவில்லை, வழக்கே விலக்குகின்றது. நாமும் 'தேநீர் வலிமையாக இருக்கிறது' என்றா சொல்கிறோம்?

தமிழில் மழையும் பலத்தது, காற்றும் பலத்தது. ஆங்கிலத்திலோ மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ரோங்'. 'பிழை செய்தேன்' என்பதை மனத்திற்கொண்டு 'டிட் அ மிஸ்டேக்' என்று எழுதுவோர் உளர். 'மேட் அ மிஸ்டேக்' என்பதே வழக்கு. 'அரைப்பேர் போட்டார்கள்' என்ற தோட்ட வழக்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பாருங்கள். பாதிப் பெயரை எழுதினார்கள் என்றாகிவிடும். குறித்த அளவு வேலை முடியாததால் அரைநாட் கூலியே பதிந்தார்கள் என்ற துயரம் அதில் எங்கே?

1987இல் வெளியான கொபில்ட் ஆங்கில அகராதி, பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சின்கிளேயர் தலைமையில் ஆக்கப்பட்டது. மக்கள் உண்மையிற் பேசியவற்றையும் எழுதியவற்றையும் கணினியில் திரட்டி, அவ்வழக்கையே அது அடிப்படையாகக் கொண்டது.

இது பரீட்சைப் புள்ளிக்கான விஷயம் மட்டுமன்று. பெற்றோரின் சம்பளச் சீட்டிற் கண்ட கழிவுக்குப் பிள்ளை விளக்கம் கேட்கிறது என்று கொள்வோம். 'டெல் மீ த ரீசன்' என்றால் அது ஆணை. கேட்பவர் முகம் சுளிப்பார். 'குட் யூ எக்ஸ்பிளேன் திஸ் டிடக்ஷன், ப்ளீஸ்?' என்றால் பணிவும் குன்றாது, உரிமையும் குன்றாது.

ஆகவே மாணவர்களே, புதிய சொல் ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது அதனைத் தனியே எழுதாதீர்கள். படித்த வாக்கியத்தில் அதன் முன்னும் பின்னும் நின்ற சொற்களையும் சேர்த்தெழுதி, வாய்விட்டுப் படியுங்கள். நாளொன்றுக்கு மூன்று தொடர்கள் போதும். ஓராண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொடர்கள் உங்கள் வசமாகும்.